சொலுஷன் வைத்த முடிச்சு

விக்கிரமங்கலத்து ஆட்டம் முடிந்த மறுநாள் காலை, மருதாயி தன் புருஷன் கொளஞ்சியின் அரைக்கால் சட்டையை வாசல் கல்லில் போட்டுத் துவைத்துக்கொண்டிருந்தாள். செம்மண் ஏறிய துணி ஒரு தண்ணீரில் போகாது. உவர்மண் போட்டு ஊறவைத்து, சவுக்காரம் தேய்த்து, அலசிப் பிழிந்த பிறகும் சட்டித் தண்ணீர் சிவப்பாகத்தான் இருந்தது. சடுகுடு ஆடுகிறவனுக்கு வாழ்க்கைப்பட்டதில் அவளுக்கு இருந்த ஒரே குறை இந்தத் துவைப்புதான்.

தெருமுனையில் ஒரு லாரி வந்து நின்றது. சுண்ணாம்புக்கல் லோடு அடிக்கிற பஞ்சநாதன் அதிலிருந்து குதித்து ஓட்டமும் நடையுமாக வந்தார்.

“ஏ, நிறுத்து, நிறுத்து! யாரு ஒன்னைத் தொவைக்கச் சொன்னது?”

“அதுக்கு ஆளு வந்து சொல்லணுமாங்க? நாறுது, தொவைக்கிறேன்.”

“ஜெயிச்ச சட்டைய எவளாவது தண்ணியில போடுவாளா?” அவர் சட்டிக்குள் எட்டிப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். “சரி, சட்டை போவட்டும். மொழங்கால்ல கட்டுன துணி எங்க? அதையும் ஊறப் போட்டுட்டியா?”

“அது அவரு கால்லயே இருக்கு.”

பஞ்சநாதனுக்கு மூச்சு வந்தது. “அத மட்டும் தொட்டுராத தாயி. ஒன்னைக் கும்புட்டுக் கேட்டுக்கறேன்.”

முந்தின நாள்வரை அவளைக் ‘கொளஞ்சி பொண்டாட்டி’ என்றுதான் அவர் சொல்வார். மருதாயி ஈரக் கையோடு எழுந்து நின்று, அவர் லாரியில் ஏறிப் போவதைப் பார்த்தாள்.

அந்தத் துணி அவளுடைய பழைய புடவையின் தலைப்பு. விக்கிரமங்கலத்தில் முதல் பாதி ஆட்டத்தில் கொளஞ்சி ஆடிய செந்துறை அணி பின்தங்கியிருந்தது. கொளஞ்சி பிடிபட்டு விழுந்ததில் வலது முழங்கால் சுக்காங்கல்லில் தேய்ந்து தோல் உரிந்துவிட்டது. வேடிக்கை பார்த்த பெண்களோடு நின்ற மருதாயி யாரையும் கேட்காமல் களத்துக்குள் போனாள். கட்டியிருந்த புடவையின் தலைப்பில் ஒரு கீற்றைக் கிழித்து, முழங்காலில் சுற்றி இறுக்கி முடிந்தாள். மஞ்சள் துணி, சிவப்புக் கரை. அடுத்த முறை பாடிப் போன கொளஞ்சி எதிர்க்கட்சியில் மூன்று பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பினான். அங்கிருந்து ஆட்டம் செந்துறைக்காரர்கள் கைக்கு வந்தது.

வலியில் வந்த வீம்பு அது என்று கொளஞ்சி சொன்னான். எதிராளிகள் தாங்கள் களைத்துப் போயிருந்ததாகச் சொன்னார்கள். ஆட்டத்தின்மேல் பெட்டுக் கட்டியிருந்தவர்கள் இந்த இரண்டு தரப்பும் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. அவள் கட்டினாள், அவன் ஜெயித்தான். அதை அவர்கள் கண்ணால் பார்த்திருந்தார்கள்.

பெட்டுக் கட்டுகிறவர்களை முட்டாள்கள் என்று சொல்லிவிட முடியாது. பஞ்சநாதன் லாரித் தொழிலில் ஒரு டயரைக்கூடத் தட்டிப் பார்க்காமல் வாங்காதவர். ஆனால் ஆட்டம் என்பது வேறு ஏழு பேருடைய கை காலில் இருக்கிறது. தன் கையில் இல்லாத ஒன்றின்மேல் பணத்தை வைத்துவிட்டு, ஓரமாகச் சும்மா உட்கார்ந்திருப்பது எவராலும் ஆகிற காரியமில்லை. தானும் ஏதாவது செய்தாக வேண்டும். ஒருமுறை செந்துறைக்கு முதல் பாயிண்டு விழுந்த நேரத்தில் பஞ்சநாதன் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாராம். அன்றிலிருந்து எந்த ஆட்டமானாலும் முதல் பாயிண்டு விழும்வரை குனிந்தே இருப்பார். செந்துறை எடுத்த முதல் பாயிண்டை அவர் பார்த்ததே கிடையாது. அவருடைய கூட்டாளி, சைக்கிள் கடை அழகேசன், ஆட்டத்தன்று பஞ்சர் ஒட்ட மாட்டார். காற்று மட்டும்தான் அடிப்பார்.

எழுபத்தெட்டாம் வருஷத்துக் கோடை அது. போட்டியை ஊர் ஊராக நடத்தி, கடைசி ஆட்டத்தை அரியலூரில் வைத்திருந்தார்கள். அதுவரைக்கும் அந்தக் கட்டு அவிழக் கூடாது என்று தெருவில் முடிவாயிற்று.

மருதாயிக்கு இதில் ஒரு தனிச் சங்கதி இருந்தது. அவள் திருமானூர்ப் பக்கம் பிறந்தவள். கொள்ளிடத்துத் தண்ணீரில் நெல்லும் கரும்பும் விளைகிற இடத்திலிருந்து, முந்திரியும் கம்பும் மழையைப் பார்த்து நிற்கிற இந்தக் காட்டுக்கு வந்தாள். வந்த வாரமே மாமனார் வேலை செய்த இடத்தில் மயங்கி விழுந்து செத்துப்போனார். அந்த வருஷம் மழையும் இல்லை. “இவ காலடி எடுத்து வெச்ச நேரம்” என்று மாமியார் ஆண்டாயி துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். அத்தோடு மருதாயி ராசியில்லாதவள் ஆகிவிட்டாள். வெளியூர் புறப்படுகிறவர்கள் அவள் எதிரில் வந்தால் திரும்பி வீட்டுக்குள் போய், உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்புவார்கள். அவள் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. எவராவது பையோடு பஸ்ஸுக்குப் போவது தெரிந்தால், அவர் தெருவைத் தாண்டும்வரை குடத்தோடு கதவுக்குப் பின்னால் நின்றுகொள்வாள். இரண்டு பிள்ளைகள் பிறந்தும் அந்தப் பழக்கம் மாறவில்லை.

விக்கிரமங்கலத்துக்குப் பிறகு எல்லாம் தலைகீழாயிற்று. ஜெயங்கொண்டம் போகிற பஞ்சநாதன், தெருமுனையில் லாரியை நிறுத்தி ஹாரன் அடித்து, “தங்கச்சி, ஒரு நடை எதுக்க வந்துட்டுப் போம்மா” என்பார். முருங்கைக்காய், கத்தரிக்காய் என்று யார் யாரோ கொண்டுவந்து கொடுத்தார்கள். முந்திரிக்கொட்டை உடைக்கிற கொட்டகையில் அவள் வேலை பார்த்தாள். கொட்டையின் பால் பட்டால் தோல் பொத்துப்போகும். சாம்பலைத் தடவிக்கொண்டு உடைக்க வேண்டும். அங்கே காலையில் முதல் கொட்டையை அவள் கையால் உடைக்கச் சொன்னார்கள்.

“என் மருமவ கையி அப்புடி” என்றாள் ஆண்டாயி, அதே வாயால்.

“நேத்துவரைக்கும் வேற மாதிரி சொன்னியே ஆண்டாயி” என்று பக்கத்து வீட்டுப் பொன்னாயி சீண்டினாள்.

“நேத்து தெரியலடி. கையில எழுதியா ஒட்டியிருக்கு?”

மருதாயிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் கதவுக்குப் பின்னால் நிற்பதை விட்டுவிட்டாள். தண்ணீர்க் குடத்தோடு நடுத்தெருவில் நடந்தாள்.

அடுத்த ஆட்டத்திலும் அதற்கடுத்ததிலும் செந்துறை ஜெயித்தது. கட்டு மஞ்சள் போய்ச் செம்மண் நிறமாகிவிட்டது. கொளஞ்சி குளிக்கும்போது வலது காலை ஒரு முக்காலிமேல் நீட்டி வைத்துக்கொள்வான். மருதாயி மற்ற உடம்புக்கெல்லாம் தண்ணீர் ஊற்றுவாள். திருமானூர்க்காரர்கள் ஆள் வைத்துக் கட்டை அவிழ்க்கப் போகிறார்கள் என்று எவனோ ஒரு பேச்சைக் கிளப்பிவிட்டான். கடைசி ஆட்டம் திருமானூரோடுதான். அழகேசன் கடையிலிருந்து பஞ்சர் ஒட்டுகிற சொலுஷன் டியூபோடு வந்து, முடிச்சின்மேல் பிதுக்கி, ஊதி ஊதிக் காயவைத்துவிட்டுப் போனார்.

“இனிமே எவன் கை வெச்சாலும் தெரிஞ்சிபோயிரும்” என்றார்.

“டியூபுக்கு ஒட்டுறத மனுசனுக்கு ஒட்டுறீங்களே அண்ணே” என்றாள் மருதாயி.

“அட, காத்து எறங்காம இருந்தா சரிதாம்மா.”

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

சிரிப்பு நின்றது வாடை வந்தபோது. முதலில் வியர்வை என்று நினைத்தாள். பிறகு, சோறு போடக் குனிந்தபோது, அது வியர்வை இல்லை என்று தெரிந்தது. கட்டுக்குக் கீழே கால் வீங்கித் தோல் மினுமினுத்தது. கொளஞ்சி நொண்டவில்லை, நொண்டாமல் நடக்க அவன் பல்லைக் கடிப்பது கன்னத்தில் தெரிந்தது.

“அவுத்துக் கழுவிட்டு வேற துணி கட்டுறேன் மாமா.”

“வேணாம் புள்ள.”

“எரியுதா இல்லியா?”

“எரியுது. ஆனா அது இருந்தாத்தான் பாடிப் போவறப்ப தைரியமா இருக்கு.” அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். “நீ கட்டுனதுதான.”

அவள் சோற்றைப் போட்டுவிட்டு நகர்ந்தாள். பெட்டுக் கட்டியவர்கள் நம்புவது ஒன்று. இவனும் நம்பினான். அதுவும் அவள் கையை.

கடைசி ஆட்டத்துக்கு முந்தின நாள் காலையில் அவனுக்குக் காய்ச்சல் அடித்தது. பாயில் புரண்டவனின் தொடை இடுக்கைத் தொட்டுப் பார்த்தாள். நெல்லிக்காய் அளவுக்கு நெறி கட்டியிருந்தது. மருதாயிக்கு அந்த நெறி தெரியும். அவளுடைய அப்பனுக்குக் கரும்புக் கட்டை குத்திய காலில் இப்படித்தான் நெறி கட்டியது. பச்சிலை வைத்துக் கட்டிக்கொண்டு கூலிக்குப் போனவர், கடைசியில் முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லாமல் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினார். கல்யாணம் ஆகிற வரைக்கும் அவரைக் கைத்தாங்கலாக வெளிக்கு அழைத்துப்போனவள் அவள்தான்.

அடுப்பில் வெந்நீர் வைத்தாள். ஆண்டாயிக்குப் புரிந்துவிட்டது.

“அவுக்கப் போறியா?”

“ஆமா அத்த.”

“நாளைக்கி ஒரு பொழுதுடி. ஆட்டம் முடிஞ்சதும் நானே அவுத்துக் கழுவுறேன்.”

“காலு வீங்கிக் கெடக்கு, பாத்தீங்களா?”

“பாத்தேன்.” ஆண்டாயி குரலைத் தாழ்த்தினாள். “ஒனக்குத்தான் சொல்றேன். நாளைக்கித் தோத்துப்போனா இந்தத் தெரு ஒன்னை என்ன சொல்லும் தெரியுமா? பழைய பேரு திரும்பி வந்துரும். அப்பறம் அது சாவுற வரைக்கும் போவாது.”

அதைச் சொல்ல ஆண்டாயிக்குத் தகுதி இல்லை என்று மருதாயி திருப்பிச் சொல்லியிருக்கலாம். ஆனால் மாமியார் சொன்னது உண்மை என்று அவளுக்கும் தெரியும். வெந்நீர் கொதிக்கிற வரைக்கும் அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். விறகை இரண்டு தரம் வெளியே இழுத்து, மறுபடி உள்ளே தள்ளினாள்.

அவளிடம் அந்தப் புடவையின் மிச்சம் பெட்டியில் இருந்தது. அதிலே இன்னொரு கீற்றைக் கிழித்து, புழுதியில் புரட்டிக் கட்டி, வேறொரு சைக்கிள் கடையில் ஒரு சொட்டு சொலுஷன் கேட்டு வாங்கி வைத்திருந்தால் எவனுக்கும் தெரிந்திருக்காது. பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்த்த பொன்னாயி அந்த யோசனையைச் சொல்லவும் செய்தாள். “கழுவி வேற கட்டிட்டு ஆடச் சொல்லு. ஊரும் ஜெயிக்கட்டும், ஒம் பேரும் நிக்கட்டும்.”

“இந்தக் காலோட ஆடக் கூடாதுக்கா. அதான சங்கதி” என்றாள் மருதாயி.

தினமும் காலையில் கட்டைப் பார்த்துவிட்டுப் போகிற வழக்கப்படி பஞ்சநாதனும் அழகேசனும் வந்தார்கள். அவர்கள் வருகிறவரை அவள் தொடாமல் காத்திருந்தாள். அவர்களுக்கு முக்காலியை எடுத்துப் போட்டாள். வெந்நீர்ச் சட்டியைக் கொளஞ்சியின் காலருகே வைத்து, ஒரு பிளேடைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“என்ன தங்கச்சி இது?” பஞ்சநாதன் எழுந்துவிட்டார்.

“அவுக்குறேன் அண்ணே. நீங்க இல்லாதப்ப செஞ்சா திருட்டுத்தனம்னு சொல்லுவீங்க.”

“ஒனக்கென்ன பித்தா புடிச்சிருக்கு? நாளைக்கு ஒரு நாளு. ஒரே ஒரு நாளு.”

“ஒங்களுக்கு நாளைக்கு மட்டும் போதும். அவருக்கு அதுக்கப்பறமும் காலு வேணும்.”

“நாங்க வெச்சிருக்குறது எவ்வளவுன்னு தெரியுமா?” என்றார் அழகேசன்.

“தெரியாது. நாங்க வெச்சிருக்குறது ரெண்டு காலு. அதுல ஒண்ணு இது.”

கொளஞ்சி, “மருதாயி, வேணாம்…” என்றான். அவள் அவன் கணுக்காலை இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். சொலுஷன் இறுகியிருந்த முடிச்சுப் பக்கம் போகாமல், பக்கவாட்டில் பிளேடால் கீறினாள். துணி தோலோடு ஒட்டியிருந்தது. வெந்நீரை ஊற்றி ஊற்றி, ஊறவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக உரித்தாள். கொளஞ்சி முண்டினான், அவள் பிடியை விடவில்லை. துணி விலகியதும் வந்த வாடையில் அழகேசன் மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். பஞ்சநாதன் போகவில்லை. குனிந்து பார்த்தார். அவர் முகத்தில் பெட்டு, ஆட்டம் எல்லாம் ஒரு நிமிஷம் அழிந்துபோயின.

“அடக் கடவுளே. இவ்வளவா?”

“லாரி வெளியதான நிக்குது?” என்றாள் மருதாயி. “அரியலூர் ஆஸ்பத்திரியில எறக்கி வுடுங்க.”

அவர் மறுக்கவில்லை. கொளஞ்சியை அவரே அணைத்துக் கூட்டிப்போனார். லாரியில் ஏற்றும்போது பழக்கம் விடவில்லை. “வலது கால மொதல்ல வெச்சு ஏறுப்பா.”

“அந்தக் காலைத்தான அண்ணே தூக்க முடியல” என்றாள் மருதாயி.

ஆஸ்பத்திரியில் காலைக் கீறிச் சீழை எடுத்தார்கள். இதை இவ்வளவு நாள் மூடிக் கட்டி வைத்தது யார் என்று டாக்டர் கோபமாகக் கேட்டார். வராந்தாவில் பஞ்சநாதன் நின்றிருந்தார், கட்டிலில் கொளஞ்சி கிடந்தான். “நாந்தாங்க கட்டுனேன்” என்றாள் மருதாயி. திட்டு முழுவதையும் அவளே வாங்கிக்கொண்டாள். கால் பிழைத்துவிடும் என்பது அந்தத் திட்டுக்கு நடுவே தெரிந்ததால், மற்றது எதுவும் அவளுக்குப் பெரிதாகப் படவில்லை.

மறுநாள் ஆட்டம் நடந்த மைதானம் ஆஸ்பத்திரிக்குத் தூரமில்லை. மைக்கில் சொல்வது காற்று திரும்பும்போதெல்லாம் கட்டில்வரை வந்தது. கொளஞ்சி கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். திருமானூரின் பாயிண்டுகள் ஏற ஏற அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். கடைசியில் வெடி வெடித்த சத்தம் கேட்டது. எந்த ஊர்க்காரர்கள் வெடிக்கிறார்கள் என்று இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆண்டாயி சொன்னபடியேதான் ஆயிற்று. முருங்கைக்காய் நின்றது. கொட்டகையில் முதல் கொட்டையை வேறொருத்தி உடைத்தாள். பஞ்சநாதன் ஆஸ்பத்திரியிலிருந்து அவர்களைத் திரும்பக் கூட்டிவந்து விட்டதோடு சரி. அடுத்த வாரம் மருதாயி குடத்தோடு எதிரே வந்தபோது லாரியை ஓரங்கட்டி, என்ஜினை அணைத்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். தங்கச்சி என்ற சொல் அவர் வாயில் அப்புறம் வரவில்லை. ஆனால் மருதாயி கதவுக்குப் பின்னால் திரும்பிப் போகவில்லை. நடுத்தெருவிலேயே நடந்தாள். தண்ணீர் குடிக்க வேண்டியவர்கள் திரும்பிப் போய்க் குடித்துவிட்டு வரட்டும் என்று விட்டுவிட்டாள். பின்னாளில் சத்துணவுக்கூடத்தில் அவளுக்கு ஆயா வேலை கிடைத்தது. தெருவிலிருந்த அத்தனை பிள்ளைகளும் அவள் கையால் சாப்பிட்டார்கள். அப்போதும் அவள் நடை அதே நடைதான்.

கொளஞ்சி வீட்டில் படுத்திருந்த நாட்களில் ஒரு நாள் மத்தியானம், திருமானூரிலிருந்து பாலசுந்தரம் என்று ஒருவர் வந்தார். கரும்புத் தோட்டக்காரர். கையில் ஒரு சீப்பு வாழைப்பழமும், தாளில் சுற்றிய புதுப் புடவையும் இருந்தன. ஆண்டாயி முக்காலியைத் துடைத்துப் போட்டாள்.

“கட்ட அவுத்த அம்மா நீங்கதானா?” என்று கேட்டார்.

“நாந்தாங்க.”

“நாங்க ஜெயிச்சது ஒங்களாலதாம்மா. ஒங்க கை அவுத்துச்சு, எங்களுக்கு ஜெயம் வந்துருச்சு. அதான் எங்க ஆளுங்கல்லாம் சேந்து ஒரு பொடவை எடுத்தோம். நம்ம ஊருப் பொண்ணுன்னு வேற சொன்னாங்க.”

மருதாயி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆண்டாயிக்குத்தான் திகைப்பு. மருமகள் ராசியுள்ளவளா இல்லாதவளா என்பதில் அவளுக்கு மறுபடியும் குழப்பம் வந்துவிட்டது.

“வாங்கிக்கடி. நல்ல நூலு” என்றாள் புடவையைத் தடவிப் பார்த்து.

“பழம் இருக்கட்டுங்க, புள்ளைங்க திங்கும். பொடவை வேணாம்.”

“ஏம்மா, கொறையா எதும் நெனைச்சுட்டீங்களா?”

“அதெல்லாம் இல்லீங்க. இத நான் கட்டிக்கிட்டா, நாளைக்கி இதையும் கிழிச்சுக் குடுன்னு எவராவது வந்து நிப்பாரு. எங்கிட்ட இருக்குறதே ரெண்டு பொடவை.”

பாலசுந்தரம் வெகுநேரம் வற்புறுத்தினார். பிறகு புடவையை மடியில் வைத்துக்கொண்டு மோர் குடித்துவிட்டு, நாலு மணி பஸ்ஸுக்குப் போனார். அவர் போகும்போது மருதாயி வாசலில்தான் நின்றாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டே அவர் படியிறங்கினார்.

அவர் போன பிறகு அவள் கொளஞ்சியின் காலுக்கு மருந்து போட உட்கார்ந்தாள். புண் வாய் கூடி, ஓரத்தில் புதுத்தோல் வந்துகொண்டிருந்தது. மருந்துத் தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடைத்தாள். கொளஞ்சி சுவரில் சாய்ந்து அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். முந்திரிப்பால் பட்டுக் கறுத்துப்போன விரல்கள்.

“மருதாயி.”

“ம்.”

“ஒண்ணு கேட்டா உள்ளதச் சொல்லுவியா?”

“கேளு மாமா.”

“நீ கட்டுன கட்டுலதான் நான் ஜெயிச்சேன்னு ஒனக்கும் தோணுச்சா? ஒரு நாளாச்சும்?”

அவள் ஆஸ்பத்திரித் துணியைச் சுற்றி, நுனியை உள்ளே மடித்துச் செருகினாள். இறுகியிருக்கிறதா என்று ஒரு விரலை விட்டுப் பார்த்தாள். அவன் இன்னும் அவளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். அவள் தண்ணீர்ச் சட்டியை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு, நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிந்து, வெளியே போனாள்.